தாங்களே எழுதிப் பாடும் ஃபோக் (நாட்டுப்புறப் பாணி) கலைஞர்களில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்? எந்தப் பதிவில் தொடங்கலாம்?

பாப் டிலன், லெனார்ட் கோஹன், ஜோனி மிட்செல் மூவரையும் கேட்டு முடித்துவிட்டேன், அவர்களுக்கு அப்புறம் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஒரு பெயர், ஒரு ஆல்பம். கிலியன் வெல்ச், 2001 ஜூலையில் வந்த 'டைம் (த ரெவலேட்டர்)'. வேறு சிலரைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். நேரமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அந்த ஆல்பத்தைப் போய்க் கேளுங்கள், எனக்கு வருத்தமே இல்லை.

அந்த ஆல்பத்தில் இருப்பது இரண்டே பேர். கிலியன் வெல்ச் பாடுகிறார், டேவிட் ராலிங்ஸ் ஒட்டிப் பாடுகிறார். ஆளுக்கொரு கிட்டார், இடையிடையே பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. நாஷ்வில் நகரத்தில் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி என்று ஒரு பழைய ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி நூற்றுக்கணக்கில் பாட்டுப் பதிவு செய்த இடம். ஒரே ஒரு பாட்டைத் தவிர மற்றதெல்லாம் அங்கே பதிவானவை. அந்த ஒன்று அதே ஊரில் உள்ள ரைமன் அரங்கில், ஆட்கள் முன்னால் பாடியது.

ராலிங்ஸ் வாசிக்கும் கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1935இல் செய்த எபிஃபோன் ஒலிம்பிக். சின்ன உடம்பு, வளைந்த மேல்பலகை, வயலினில் இருப்பது போன்ற துளைகள். அந்தக் காலத்தில் அது விலை குறைந்த ரகம். தந்தியைத் தொட்டால் நாதம் நீளாது, சட்டென்று காய்ந்துவிடும். அந்தக் காய்ந்த சத்தத்தை வைத்துத்தான் இந்த மனிதர் வித்தை காட்டுகிறார். ஸ்ருதிக்குப் பொருத்தமாக நிற்கும் சுரம் கையருகில் இருக்கும்போது, அதற்குப் பக்கத்தில் உள்ள பொருந்தாத சுரத்தைப் பிடித்து அழுத்துவார். காதில் முள் குத்தியது போல இருக்கும். இரண்டு, மூன்று அடி அப்படியே இழுத்துவிட்டுப் பிறகு இறக்கிவைப்பார். அந்த இறக்கத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு வரும். ஹெட்போனில் கேட்டால் தந்தியில் விரல் உரசி நகர்வதுகூடத் தெரியும்.

ஆல்பத்தின் நடுவில் ஏப்ரல் 14 பற்றி ஒரு பாட்டு வரும். ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டது 1865இல் அந்த நாளில். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912இல் அதே நாளில். அமெரிக்கச் சமவெளியை மண்புயல் மூடிய கறுப்பு ஞாயிறு 1935 ஏப்ரல் 14. மூன்றையும் ஒரே சரத்தில் கோத்து, நடுவில் பெயரில்லாத ஒரு சின்ன இசைக்குழுவின் காசு தேறாத கச்சேரியையும் வைத்திருக்கிறார். நமக்கு அது சித்திரை வருடப் பிறப்பு. கொழும்பு காலியாகிவிடும். புறக்கோட்டைக் கடைகள் பூட்டிக் கிடக்கும், மலைக்குப் போகிற பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. போகத் தேயிலைத் தோட்டமில்லாத எங்களைப் போன்றவர்கள் அன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பல வருடமாக நான் அந்த நாளில் இந்தப் பாட்டைப் போடுகிறேன்.

கடைசிப் பாட்டு 14 நிமிடத்துக்கு மேல் ஓடும். அவசரமே இல்லாத பாட்டு. அதை நான் முதன்முதலில் முழுதாகக் கேட்டது 2022 மார்ச் கடைசியில். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்கள் அவை. இருட்டில் பேச ஒன்றும் மிச்சமில்லை. போனில் இறக்கிவைத்திருந்த ஆல்பத்தைப் போட்டு, சத்தம் கொஞ்சம் கூடட்டும் என்று போனை எவர்சில்வர் செம்புக்குள் நிறுத்தினேன். அம்மாயி, என் பாட்டி, பாயில் சுவரோடு சாய்ந்து, மடியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் 40 வருடம் கொழுந்து எடுத்தவர். பாட்டு பாதிக்கு வந்திருக்கும், விசிறி நின்றுவிட்டது.

"எந்தத் தோட்டத்துப் புள்ளப்பா அது?" என்றார்.

"தோட்டமில்ல அம்மாயி. அமெரிக்கா."

"அங்கயும் தோட்டம் இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் தன் பாட்டுக்கு ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார். மெட்டு வேறு, ஆனால் நடை கிட்டத்தட்ட ஒன்று. ஊரை விட்டு வந்ததையும், கண்டிச் சீமையில் பெற்ற தாயையே மறந்துபோனதையும் சொல்லும் அந்தப் பழைய மலைப்பாட்டு. மலையகத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மாயி அதைப் பாடி நான் அதுவரை கேட்டதே இல்லை.

அம்மாயி கேட்ட கேள்வியைத்தான் அமெரிக்காவிலும் கேட்டார்கள். கிலியன் வெல்ச் எந்தத் தோட்டத்துப் பிள்ளை? 1996இல் 'ரிவைவல்' என்ற முதல் ஆல்பம் வந்தபோது, இவருக்கு மலைப்பாட்டில் என்ன உரிமை என்று விமர்சகர்கள் சிலர் எழுதினார்கள். நியூயார்க்கில் பிறந்து, தத்துக் கொடுக்கப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். வளர்த்த பெற்றோர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இசை எழுதியவர்கள். இவர் இசைக் கல்லூரியில் படித்தவர். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையில் சுரங்கம் வெட்டியவரும் இல்லை, சோளம் விதைத்தவரும் இல்லை. அப்படியிருக்க, அநாதைப் பெண்ணாகவும் கூலிக்காரனாகவும் பாடலாமா என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. எனக்கு இதில் சொந்தக் கணக்கு இருக்கிறது. நான் கொழும்பில் பிறந்தவன். அப்பா புறக்கோட்டையில் துணிக்கடையில் நின்றவர். தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்தை நான் பார்த்ததே விடுமுறைக்குப் போனபோதுதான். கூடையைத் தோளில் மாட்டி நிறுவைக்கு நின்றதில்லை, அரைப்பேர், அதாவது பாதிக் கூலி, விழுந்த நாளின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாது. அதனால் அந்தப் பாட்டு எனக்கு அந்நியமாகிவிடுமா? பிறந்த இடம் பாட்டுக்கு அனுமதிச்சீட்டு இல்லை. எவ்வளவு காலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தோம் என்பதுதான் பேச்சு. அந்த 'ரிவைவல்' ஆல்பத்தின் அநாதைப் பெண் பாட்டைத் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர் பாடுகிறார் என்று தெரிந்து கேட்டுப் பாருங்கள். உரிமையைப் பற்றிய கேள்வியே எழாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில், இனிப் பாட்டுக்காரருக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்று கேட்கும் பாட்டு இந்த ஆல்பத்தில் இருக்கிறது. நான் இந்த ஆல்பத்தை முதலில் வாங்கியது நடைபாதையில், பிரதி எடுத்த இறுவட்டாக. பாட்டின் பொருள் புரிந்த நாளில் உடம்பெல்லாம் கூசியது. 2024இல் இருவரும் 'வுட்லேண்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது முறையாகக் காசு கொடுத்து வாங்கினேன். வுட்லேண்ட் என்பது அவர்களுடைய ஸ்டூடியோவின் பெயர். 2020 மார்ச்சில் நாஷ்வில்லைத் தாக்கிய சூறாவளியில் அதன் கூரை போய், இருட்டில் தண்ணீருக்குள் நின்று மூல ஒலிநாடாக்களைக் காப்பாற்றினார்கள். அந்த ஆல்பத்துக்கு 2025இல் சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது.

அடுத்து ஜான் பிரைன். சிகாகோவுக்கு அருகில் மேவுட் என்ற ஊரில் தபால்காரராக இருந்தவர். கடிதம் போட்டுக்கொண்டே நடக்கும்போது மனதுக்குள் பாட்டுக் கட்டியவர். 1971இல் வந்த, அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பத்தில் தொடங்குங்கள். 'ஹலோ இன் தேர்' என்று ஒரு பாட்டு. ஒரு வயதான கணவன் மனைவி. பிள்ளைகள் வளர்ந்து திசைக்கொன்றாகப் போய்விட்டார்கள், ஒருவன் கொரியப் போரில் செத்துவிட்டான். இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. இதை எழுதியவருக்கு அப்போது இருபது சொச்சம் வயது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் சில வருடம் வாடகைக்கு இருந்தேன். எதிர்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி, அங்கிள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். மாலையில் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பார்கள். நான் லிஃப்டில் இருந்து இறங்கும் சத்தம் கேட்டதும் ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "வந்திட்டீங்களே தம்பி?" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் பேச்சு இருக்காது. நானும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். இந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான் நின்று பேசப் பழகினேன். பிளேன்டீ குடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசிய நாட்களும் உண்டு.

1998இல் கழுத்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்தபின் பிரைனின் குரல் தடித்துக் கரகரத்துப் போனது. 2018இல் வந்த கடைசி ஆல்பம் 'த ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்' அந்தக் குரலில்தான். முதலாவதைக் கேட்ட கையோடு இதையும் கேளுங்கள். 2020 ஏப்ரல் 7 அன்று கொரோனாவில் காலமானார். அன்றைக்குக் கொழும்பில் ஊரடங்கு. ஆல்பத்தை இரண்டு முறை போட்டேன், வேறென்ன செய்வது.

டிரேசி சாப்மனைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. 1988இல் வந்த முதல் ஆல்பம். அதே வருடம் ஜூனில், லண்டன் வெம்பிளியில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாள் கச்சேரி. ஸ்டீவி வொண்டர் மேடையேற முடியாமல் போன இடைவெளியில், ஏற்கெனவே பாடி முடித்திருந்த இவரை மறுபடி அனுப்பினார்கள். ஒற்றைக் கிட்டாரோடு வந்து 'ஃபாஸ்ட் கார்' பாடினார், உலகம் திரும்பிப் பார்த்தது. கடையில் வேலை செய்து, குடிகார அப்பாவைப் பார்த்துக்கொண்டு, எப்படியாவது ஊரை விட்டுக் கிளம்பிவிட நினைக்கும் பெண்ணின் பாட்டு. தோட்டத்திலிருந்து கட்டுநாயக்க கார்மெண்ட்ஸுக்கு வந்த என் சித்தி மகளுக்கு அதன் அர்த்தத்தைச் சொன்னேன். இப்போது அவள் போனில் மணி அடித்தால் அந்தக் கிட்டார்தான்.

வாஷ்டி பன்யன் என்று ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. குதிரை வண்டியில் ஸ்காட்லாந்துத் தீவுகள் வரை போன பயணத்தில் எழுதிய பாட்டுகளை 1970இல் ஆல்பமாக்கினார். விற்கவில்லை. மனம் விட்டுப்போய்ப் பாடுவதையே நிறுத்திவிட்டார். 2000இல் அது மறுபதிப்பாகி, இளைஞர்கள் தேடிப்பிடித்துக் கேட்டபின், 2005இல் இரண்டாவது ஆல்பம் வந்தது. முப்பத்தைந்து வருடம்! தூங்கப்போகும் முன் கேட்க இவர் குரல் நல்லது.

சரி, நம்ம பக்கம் வருவோம். அலுவலகத்தில் ஒரு சிங்கள நண்பர் எனக்கு அறிமுகப்படுத்தியவர் சுனில் சாந்த. 1940களில் தானே எழுதி, மெட்டமைத்து, பாடியவர். 1952இல் இந்தியாவிலிருந்து வந்த பேராசிரியர் ரத்தன்ஜங்கர் முன்னால் குரல் தேர்வுக்கு நிற்க மறுத்தார், வானொலியில் அவர் இடம் போனது. சிங்களப் பாட்டு ஹிந்துஸ்தானி ராகத்தில்தான் நிற்க வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. 'ஓலு பிபீலா' கேளுங்கள், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தமிழில், நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. கல்யாண வீட்டில் ஆடுகிற பாட்டு என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். பேச்சுத் தமிழைக் கொஞ்சமும் இஸ்திரி போடாமல் கிட்டாரில் ஏற்றியவர் அவர். அந்தத் துணிச்சலுக்காகவே என் பட்டியலில் இருக்கிறார்.

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் என்ஜாமி'யையும் நான் இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பேன். சத்தம் பெரிதுதான். ஆனால் அதை எழுதிப் பாடிய ராப் பாடகர் அறிவு அதில் கொண்டுவந்திருப்பது தன் பாட்டி வள்ளியம்மாளை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பியவரை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அம்மாயியின் அக்காவும் அதில் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறினார், கூடலூரில் முடிந்தார். அந்தப் பாட்டு டிவியில் வந்தபோது அம்மாயி "இன்னொருக்கா போடு" என்றார்.

அதற்கும் முன்னால், தோட்டத் தொழிலாளர்களுக்காகவே எழுதிப் பாடிய ஒரு பெண் இருந்தார். மீனாட்சி அம்மாள், தொழிற்சங்கத் தலைவர் நடேச ஐயரின் மனைவி. கூட்டங்களில் பாடி ஆட்களைச் சேர்ப்பார், அப்புறம் ஐயர் பேசுவார். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு நூலாக வந்தன. எனக்கு அச்சில்தான் கிடைத்தது. படிக்கும்போதெல்லாம், இதை இந்த அம்மா எந்த இடத்தில் மூச்சு வாங்கியிருப்பார் என்றுதான் தோன்றும்.

அந்த இருட்டு ராத்திரிக்கு மறுநாள் அம்மாயியை மறுபடி பாடச் சொல்லிப் பதிவு செய்தேன். இரண்டு நிமிடம் சொச்சம். முதல் முறை போனை வாய்க்கு நேரே நீட்டியதில் கூச்சப்பட்டுப் பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டாம் முறை வெங்காயம் உரிக்கக் கொடுத்துவிட்டு, போனை ஃபிளைட் மோடில் போட்டு, ஒரு முழம் தள்ளி அரிசி டின் மேல் கவிழ்த்து வைத்தேன். கத்திச் சத்தம், தெருவில் த்ரீவீல் சத்தம் எல்லாம் விழுந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் பாட்டுத் தெரிந்த கிழவி இருந்தால் அப்படி வையுங்கள். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்காதீர்கள். கையில் ஏதாவது வேலை கொடுத்துவிடுங்கள்.