குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம்

பேன் பிடித்து, இறகு உதிர்க்கும் உங்கள் வீட்டுக் கோழிகளின் முட்டைகளை உங்கள் பேத்தி உண்டதால் ஏதேனும் ஆகிவிடுமோ என்பதே நான்கு பக்கக் கடிதத்தின் அடியில் இருக்கும் அச்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். கோழிப்பேன் மனிதர் தலையில் குடியேறாது. பெட்டையைத் தூக்கியபோது கையில் ஊர்ந்தவை சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். மூத்த பெட்டை இறகு உதிர்த்து முட்டையிடுவதை நிறுத்தியிருப்பது ஆண்டுதோறும் நடக்கும் இறகு மாற்றம்தான். கைபேசிக் காணொளிகள் உங்களைப் பறவைக் காய்ச்சல் வரை கொண்டுபோயிருக்கின்றன. கொடிய வகைப் பறவைக் காய்ச்சலாக இருந்தால், வளர்ந்த கோழிகளே முகம் வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, ஓரிரு நாளில் வரிசையாக மடிந்திருக்கும்.

மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: ஐந்து வாரக் குஞ்சுகளில் இரண்டு, இறக்கையைத் தொங்கவிட்டுக் கண்மூடி ஒடுங்கி நிற்கின்றன, எச்சத்தில் சிவப்பு தெரிகிறது. கோழிகள் இடையிடையே காபி நிறத்தில் பிசுபிசுப்பாகக் கழிப்பது இயல்பு; இரத்தம் இயல்பன்று. மூன்று முதல் எட்டு வார வயதுக் குஞ்சுகளில் இதைக் கண்டால் முதலில் ஐயுற வேண்டியது இரத்தக் கழிச்சலை, அதாவது ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடற்சுவரை அரிப்பதால் வரும் நோயை. எச்சத்தோடு வெளியேறும் இதன் முட்டைகள், ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடுகின்றன. தண்ணீர்த் தட்டு கவிழ்ந்து நனைந்த பஞ்சாரத்தடி மண் அதற்கு வாய்ப்பான இடம். தாய்க்கோழி நோயின்றித் திரிந்தபடியே இதைச் சுமக்கக்கூடும். நீங்கள் போட்ட வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி வேறொரு வைரஸ் நோய்க்கானது; இதைத் தடுக்காது.

இன்றே இரண்டு குஞ்சுகளையும், புதிய எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குச் செல்லுங்கள். நாளை என்று தள்ளினால் எண்ணிக்கை குறையக்கூடும். நோய் உறுதியானால் பெரும்பாலும் ஆம்ப்ரோலியத்தைக் குடிநீரில் கலந்து எல்லாக் குஞ்சுகளுக்கும் தரச் சொல்வார்கள், ஏனெனில் நோயுற்ற குஞ்சு இரையை விட்டாலும் தண்ணீரைக் குடிக்கும். அம்மருந்து ஒட்டுண்ணிக்குப் பி1 உயிர்ச்சத்து கிடைக்காமல் செய்தே அதை ஒடுக்குகிறது; ஆகவே தெம்புக்காக நீங்கள் ஊற்றிவரும் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கை அந்த நாட்களில் நிறுத்திவிடுங்கள், இல்லையேல் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்குவதாகும். நனைந்த மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்தி, தரையை வெயிலில் காயவிடுங்கள். பினாயில் இதன் முட்டைகளை ஒன்றும் செய்யாது.

வீட்டிலிருந்த டெட்ராசைக்ளின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மாத்திரையை உடைத்து எல்லாக் கோழிகளுக்கும் தண்ணீரில் போட்டதும், பேனுக்காக எறும்புப்பொடியை இறகில் தூவியதும் யார் சொல்லி? அந்த மாத்திரை ஐமீரியாவை அழிக்காது. ஐமீரியா உங்கள் பேத்தியைத் தொற்றாது. ஆனால் முட்டை வழியே அவளிடம் போய்ச் சேரக்கூடியவை நீங்கள் கொடுத்த அந்த இரண்டுமே. எந்தப் பொடி, எத்தனை மாத்திரை, எந்தத் தேதி என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை இடும் முட்டைகளைக் குழியில் போட்டு மூடிவிடுங்கள்.