மத நம்பிக்கை அதிகம் இருக்குற காலேஜ் பசங்களுக்கு செக்ஸ் ஹெல்த் பத்தி கம்மியாதான் தெரியுமா?

அப்படி ஒரேடியா சொல்லிட முடியாதுங்க. பக்தியை விட, கேக்குறதுக்கு இருக்குற கூச்சம்தான் பிரச்சனை, வீட்ல வாயத் தொறந்தாலே "இப்ப உனக்கு எதுக்கு இது"ன்னு வந்துடும், அப்புறம் பசங்க போய் நிக்கிறது ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் ஆபாச வீடியோலயும்தான்.

அமெரிக்கால, கல்யாணம் வரைக்கும் செக்ஸ் வேணாம்னு சபதம் எடுத்த டீன்ஏஜ் பசங்கள பல வருஷம் ஃபாலோ பண்ணி 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு. பால்வினை நோய் விஷயத்துல எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல, ஆனா சபதம் எடுத்தவங்க முதல் தடவை காண்டம் யூஸ் பண்ணது கம்மி, டெஸ்ட் எடுத்துக்கிட்டதும் கம்மி. நமக்கு இது தேவையே படாதுன்னு நினைக்கிறவன் எதுக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கப்போறான்! (அதுக்காக மதப்பற்றால நல்லதே இல்லன்னு சொல்லல, லேட்டா ஆரம்பிச்சு பார்ட்னர்ஸ் கம்மியா இருந்தா ரிஸ்க் குறையத்தான் செய்யும்.)

ஹெச்பிவி (உறவு மூலமா பரவி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரவைக்கக்கூடிய வைரஸ்) தடுப்பூசியையே எடுத்துக்கோங்க, "நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல"ன்னு தவிர்க்குறாங்க, ஆனா உறவே வெச்சுக்காதப்ப போட்டாத்தான் அதுக்கு முழு பலன். அவசர கருத்தடை மாத்திரையும் அப்படித்தான், கருக்கலைப்புன்னு பயந்து ஒதுக்குறாங்க, அது கருமுட்டை வெளிவர்றதைத் தள்ளிப்போடுமே தவிர ஏற்கனவே உண்டான கர்ப்பத்தைக் கலைக்காது, லெவோநார்ஜெஸ்ட்ரல்ங்கிற மருந்து இருக்குற வகைன்னா உறவுக்கு அப்புறம் 72 மணி நேரத்துக்குள்ள போட்டுக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.