விண்டோஸ் 11-க்கு மாறினால் உபுண்டு அழிந்துவிடுமா?

கேள்வி: 2019-இல் வாங்கிய எங்கள் மடிக்கணினியில் விண்டோஸ் 10, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04 இரண்டும் உள்ளன. விண்டோஸில் நான் டேலி கணக்குகளைப் பார்க்கிறேன். உபுண்டுவில் என் மகள் கல்லூரிப் பாடத்துக்கான நிரல்களை எழுதுகிறாள். விண்டோஸ் 11-க்கு மாற்றித் தருமாறு சர்வீஸ் கடையில் கேட்டபோது, முழுவதையும் ஃபார்மேட் செய்துதான் ஏற்ற முடியும், உபுண்டு இருக்காது, உரிமத்துக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதற்குப் புதிய மடிக்கணினியே வாங்கிவிடலாம் என்கிறார்கள். இது சரிதானா?

பதில்: மூன்றும் சரியல்ல. முறையான உரிமத்துடன் இயங்கும் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற மைக்ரோசாஃப்ட் கட்டணம் வாங்குவதில்லை. கடைக்காரர் தம் உழைப்புக்குக் கூலி கேட்கலாம். உரிமத்துக்கென்று கேட்டால் ரசீதில் அதைத் தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

புதிய மடிக்கணினி வேண்டுமா என்பதை உங்கள் பிராசஸர்தான் முடிவு செய்யும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 ஏற்கப்படுகிறது. 2019-இல் விற்பனையான எல்லா மடிக்கணினிகளிலும் அது இருந்தது என்று சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியை ஓட்டினால் விடை தெரிந்துவிடும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை என்று அது சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். பல மடிக்கணினிகளில் அது பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், இன்டெல் கணினிகளில் பிடிடி என்ற பெயரில் இருக்கும். பிராசஸரே பழையது என்றாலும் அவசரப்பட்டுப் புதிது வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டாலும், பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது.

இனி ஃபார்மேட் விஷயத்துக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே மேம்படுத்தியைத் தொடங்கி, கோப்புகளையும் செயலிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தால், அது உபுண்டு இருக்கும் பார்ட்டிஷனை, அதாவது வட்டின் தனிப் பகுதியை, தொடுவதில்லை. பென்டிரைவிலிருந்து பூட் செய்து (கணினியைத் தொடங்கி) புதிதாக நிறுவும்போதுதான் விபத்து நேர்கிறது. அந்தத் திரையில் பார்ட்டிஷன்கள் வெறும் எண்களாகவே வரிசையாக நிற்கும். உபுண்டு என்ற பெயர் எங்கும் தெரியாது. பழகிய கையோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே இடமாக்கிக்கொள்ளும் பணியாளருக்கு, அதில் ஒன்று உங்கள் மகளின் ஓராண்டு உழைப்பு என்பது தெரிய வழியில்லை. கடைக்காரர் 'ஃபார்மேட் செய்துதான்' என்று சொல்வது, அது தமக்கு விரைவான வழி என்பதால்தான்.

ஆகவே பணம் செலவழிப்பதானால் முதலில் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குக்குச் செலவழியுங்கள். விண்டோஸில் எடுக்கும் கோப்பு பேக்கப்பில் உபுண்டுவின் கோப்புகள் வராது. அவற்றை உபுண்டுவுக்குள்ளிருந்து நகலெடுக்க வேண்டும், அல்லது குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருளால் வட்டு முழுவதையும் படியெடுக்க வேண்டும். டேலிக்கு அதன் உள்ளேயே இருக்கும் பேக்கப்பையும் தனியாக எடுத்து வையுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது வட்டிலுள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதி. பல மடிக்கணினிகளில் வட்டுக் குறியாக்கம் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். பயோஸில் டிபிஎம்மையோ, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டையோ மாற்றியவுடன், அடுத்த முறை கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடலாம். அந்த எண் பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் முதன்முதலில் கணினியை அமைத்துத் தந்த கடைக்காரர் தம் மின்னஞ்சலையே கொடுத்து அமைத்திருந்தால் எண் அவர் கணக்கில் இருக்கும். இதை இப்போதே பார்த்து, எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

உபுண்டுவையும் முன்கூட்டியே முழுமையாகப் புதுப்பித்துவிடுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, செக்யூர் பூட் இயங்கிய இரட்டை பூட் (இரண்டு இயங்குதளங்கள் உள்ள) கணினிகள் சிலவற்றில், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பழைய பூட்லோடரை ஏற்க மறுத்து லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. பழைய லினக்ஸ் பென்டிரைவ்களும் அவற்றில் பூட் ஆகவில்லை. எனவே அலமாரியில் கிடக்கும் பழைய பென்டிரைவை நம்பாமல், உபுண்டுவின் அண்மைப் பதிப்பைப் புதிதாக ஒரு பென்டிரைவில் ஏற்றி, அது பூட் ஆகிறதா என்று மேம்படுத்தும் முன்பே சோதித்துவிடுங்கள்.

மேம்படுத்தி முடிந்ததும் கணினி நேராக விண்டோஸுக்கே போனால் பதற வேண்டாம். பூட் வரிசையில் விண்டோஸ் தன்னை முதலில் வைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பயோஸுக்குள் சென்று உபுண்டுவை மேலே ஏற்றினால், எந்த இயங்குதளம் என்று கேட்கும் பழைய பட்டியல் திரும்பிவிடும். உபுண்டுவின் பெயரே அங்கு இல்லையென்றால், மேற்சொன்ன பென்டிரைவில் பூட் செய்து 'பூட் ரிப்பேர்' என்ற கருவியை ஓட்டலாம். உபுண்டுவிலிருந்து விண்டோஸ் கோப்புகளைப் படிக்க மட்டும் முடிந்து எழுத முடியாமல் போனால், விண்டோஸை விரைவாகத் தொடங்கவைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்குகிறதா என்று விண்டோஸில் பார்த்து அணைத்துவிடுங்கள். விண்டோஸில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால், உபுண்டு உலகப் பொது நேரத்தில் கடிகாரத்தை வைக்கிறது என்று பொருள்; உபுண்டுவில் ஒரே கட்டளையால் சரியாகிவிடும். இதற்குக் கடிகார பேட்டரியை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம் என்பேன். விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் பயோஸ் முறை 'லெகஸி' (பழைய முறை) என்று காட்டினால், வட்டின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான மைக்ரோசாஃப்ட் கருவி, உபுண்டு இருக்கும் வகையான நீட்டிப்புப் பார்ட்டிஷன்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. லினக்ஸ் அறிந்தவரிடம் கொடுங்கள். யாரிடம் கொடுத்தாலும், 'உபுண்டு பார்ட்டிஷனை அழிக்கக் கூடாது, தரவுகள் அப்படியே இருக்க வேண்டும்' என்று வேலைச் சீட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஏதேனும் அழிந்துபோய், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சேவைக் குறைபாடு என்று புகார் செய்ய நேர்ந்தால், உங்கள் கையில் இருக்கும் சான்று அந்தச் சீட்டுத்தான்.