முத்து எஸ். ஒருவரா, நாலு பேரா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன், பகுதிநேரமாக பிஎச்டி செய்கிறேன். நெல்லை வட்டாரக் கல்லூரிகளின் ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்தும் இறக்கி, எதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று மேற்கோள் பகுப்பாய்வு செய்கிறேன். அதிகம் எழுதியவர்கள் பட்டியலில் 'முத்து எஸ்.' முதலிடம் பிடிக்கிறார். வேதியியல், கடல் உயிரியல், கணிதம் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறார். "யாரும்மா இந்த மேதை?" என்கிறார் கைடு. மென்பொருள் ஏதாவது வாங்க வேண்டுமா? என் பெயரைக் கட்டுரைகளில் எப்படிப் போடுவது?

பதில்: மேதை இல்லை, நாலைந்து பேர். நம் பக்கத்துக் கோயில் கொடை விழாவில் நின்று 'ஏ முத்து' என்று ஒரு சத்தம் கொடுங்கள், எத்தனை தலை திரும்பும்? அத்தனை பேரையும் ஒரே ஆளாக எண்ணி வைத்திருக்கிறது உங்கள் எக்செல்.

இந்தத் தரவுத்தளங்கள் குடும்பப் பெயர் உள்ளவர்களை மனதில் வைத்துக் கட்டியவை. நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. சுடலையின் மகன் முத்து, சண்முகத்தின் மகன் முத்து, சுப்பையாவின் மகன் முத்து, மூன்று பேரும் அங்கே 'முத்து எஸ்.' தான். இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. இசக்கிமுத்து ஒரு கட்டுரையில் ஆங்கில ஐ எழுத்தில் தொடங்குவார், அடுத்ததில் ஈ எழுத்தில், 'கே' சில நேரம் ஒன்று, சில நேரம் இரண்டு. ஒரே ஆள் நாலு ஆளாகி நிற்பார். இனிஷியலை விரித்து 'பேச்சிமுத்து ஆறுமுகம்' என்று போட்டாலோ கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'ஆறுமுகம் பி.' ஆக்கிவிடும். எழுதியது மகன், பேர் வாங்குவது அப்பா. நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயரையே பாருங்கள், 1891-இல் வெளிவந்த நாடகம் முன்னால், அதை எழுதிய சுந்தரம் பிள்ளை பின்னால். இதில் எது குடும்பப் பெயர் என்று ஒரு கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்!

இது வெறும் எழுத்துப்பிழை விவகாரம் இல்லை, உங்கள் முடிவையே புரட்டிவிடும். ஒருவருக்கு நாலு கட்டுரை, அவற்றுக்கு 10, 8, 5, 4 மேற்கோள்கள் என்று வையுங்கள், அவருடைய ஹெச் இண்டெக்ஸ் 4, அதாவது நாலு கட்டுரைக்குக் குறைந்தது நாலு நாலு மேற்கோள். பெயர் இரண்டாக உடைந்து 10, 5 ஒரு பக்கமும் 8, 4 மறு பக்கமும் போனால் இருவருக்கும் 2, 2 தான் வரும். எத்தனை பேர் எத்தனை கட்டுரை எழுதுவார்கள் என்று சொல்லும் லோட்கா விதியைப் பொருத்திப் பார்க்கும் திட்டம் இருந்தால் இன்னும் மோசம். 1926-இல் லோட்கா சொன்னபடி எழுதுகிறவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் ஒரே ஒரு கட்டுரையோடு நிற்பார்கள். உடைந்த பெயர்கள் இந்த ஒற்றைக் கட்டுரைக் கூட்டத்தைப் பெருக்கும், ஒட்டிய பெயர்கள் மேல்வரிசையை ஊதிக் காட்டும், அப்புறம் விதி பொருந்தியது என்றாலும் பொருந்தவில்லை என்றாலும் அதற்கு அர்த்தம் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? இறக்கிய மூலக் கோப்பைத் தொடவே தொடாதீர்கள். தேடிய சொற்கள், இறக்கிய தேதி இரண்டையும் எழுதி அதன் பக்கத்தில் வையுங்கள், ஏனென்றால் மேற்கோள் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். நகல் எடுத்து அதில்தான் வேலை. இறக்கும்போது வரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) இரட்டைக் கிளிக்கில் திறக்காமல் எக்செலின் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, எல்லாப் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். நான் பட்ட பாடு இது: பக்கம் 3-12 என்று இருந்ததெல்லாம் டிசம்பர் 3 ஆகிவிட்டது, தெரியாமல் அப்படியே அத்தியாயத்தில் போட்டுக் கொடுத்து, வாசித்தவர் சிவப்பு மையில் "இது யாருடைய பிறந்தநாள்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யங்களையும் எக்செல் உதிர்த்துவிடும், ஆய்வாளருக்கான தனி அடையாளமான 16 இலக்க ஆர்க்கிட் எண்ணைக் கோடில்லாமல் இட்டால் தொடக்கப் பூஜ்யங்கள் காணாமல் போய்விடும்.

இரண்டு தளங்களிலும் உள்ள ஒரே கட்டுரையின் இரண்டாவது பதிவை டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாளக் குறி) வைத்து நீக்குங்கள் (எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்), டிஓஐ இல்லாதவற்றுக்குத் தலைப்பு, ஆண்டு, முதல் பக்கம். இரண்டு தளங்களின் மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டவே கூடாது; ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள்.

இனி ஆட்கள். தனியாக ஒரு அட்டவணை போட்டு, தளத்தில் உள்ள பெயர், நீங்கள் தரும் ஆள் எண், ஏன் அப்படி முடிவு செய்தீர்கள் என்று மூன்று பத்தி வையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் காப்பாற்றப்போவது அதுதான். பெயர் ஒத்துப்போவது மட்டும் ஆதாரமாகாது. கல்லூரி, துறை, கூட எழுதியவர், மின்னஞ்சல், இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்பேன். ஸ்கோபஸ் தரும் ஆசிரியர் எண்ணில் ஆரம்பியுங்கள், ஆனால் அதையே வேதவாக்காக எடுக்காதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருப்பது சகஜம். சந்தேகமானவற்றை ஒருமுறை சேர்த்தும் ஒருமுறை பிரித்தும் கணக்கிட்டு, முதல் பத்துப் பேர் மாறுகிறார்களா என்று பார்த்து, மாறினால் அதையும் ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

கல்லூரிப் பெயரிலும் இதே கதைதான். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி பாளையங்கோட்டையில் இருக்கிறது, மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறது. 'எம்.எஸ். யுனிவர்சிட்டி' என்று சுருக்கினால் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் வந்து நிற்கும். முகவரியில் 'மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அபிஷேகப்பட்டி' என்று ஆய்வு மாணவர்கள் சேர்த்து எழுதுவதால் கல்லூரிக் கட்டுரை பல்கலைக்கழகக் கணக்கிலும் ஏறும், எதை எண்ணுகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பல்கலைக்கழகம் தொடங்கியதே 1990-இல், அதற்கு முந்தைய கட்டுரைகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் தேட வேண்டும். தென்காசி 2019-இல்தான் தனி மாவட்டம் ஆனது, தூத்துக்குடி 1986-இல். பழைய முகவரிகளில் இரண்டும் நெல்லை மாவட்டம்தான்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். தரவைச் சுத்தம் செய்யும் ஓப்பன்ரிஃபைன் இலவசம், அதன் 'கிளஸ்டர்' வசதி கிட்டத்தட்ட ஒத்த எழுத்துக்கூட்டல்களைத் திரட்டிக் காட்டும், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சம்மதம் கொடுங்கள். ஆனால் அதற்கு ஒட்டத்தான் தெரியும். ஒரு 'முத்து எஸ்.'ஐ நாலாகப் பிரிக்க நீங்கள்தான் உட்கார வேண்டும். யார் யாரோடு எழுதினார் என்பதை வரைபடமாக்கும் விஓஎஸ்வியூவரும் இலவசம். இரண்டு பத்தியுள்ள ஒரு 'தெசாரஸ்' கோப்பில் பழைய பெயர் ஒரு பக்கம், மாற்ற வேண்டிய பெயர் மறு பக்கம் கொடுத்தால் வரைபடத்தில் சரியாகிவிடும், முத்துகளை மட்டும் அதற்கு முன்பே நகல் கோப்பில் வேறு வேறு பெயராக்கிவிடுங்கள். யாருக்காவது கோப்பைப் பகிர்ந்தால் மின்னஞ்சல் முகவரிகளை நீக்கிவிட்டு டிஓஐ பட்டியலும் உங்கள் பெயர் அட்டவணையும் மட்டும் கொடுங்கள், முழுப் பதிவுகளைப் பொதுவில் போட சந்தா நிபந்தனைகள் பொதுவாக இடம் தராது.

உங்கள் பெயருக்கு வருகிறேன். முதல் கட்டுரை போவதற்கு முன்பே ஆர்க்கிட் எண் வாங்கிவிடுங்கள், காசில்லை, ஐந்து நிமிட வேலை. எழுத்துக்கூட்டல் ஒன்றே ஒன்று, அதைக் கல்யாணத்துக்கு அப்புறமும் மாற்றாதீர்கள். இனிஷியலை விரிப்பதாக இருந்தால், சமர்ப்பிக்கும் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உங்கள் சொந்தப் பெயரையும் முதல் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரையும் இடுங்கள். படிவத்துக்கு அது தலைகீழ்தான், ஆனால் மேற்கோளில் உங்கள் பெயர் வரும். அச்சேறும் முன் சரிபார்க்க அனுப்பும் படி கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரியை.