ஏஜென்ட் படிக்கப்போகும் டீபக்கர் குறிப்பை எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் குழுவில் புரோகிராமின் பிழையைத் தேட மூன்று கருவிகளைப் பயன்படுத்துகிறோம்: ஓடும் புரோகிராமை நிறுத்திப் பார்க்கும் டீபக்கரான ஜிடிபி, புரோகிராம் இயங்குதளத்திடம் கேட்பவற்றைப் பதியும் எஸ்டிரேஸ், மெமரி பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட். புதிதாகச் சேர்பவர்களுக்காக எழுதிய விரிவான கையேடு ஒன்று இருக்கிறது. அதையே ஏஐ ஏஜென்டிடமும் கொடுத்தோம். சில நேரம் டெர்மினல் அப்படியே நின்றுவிடுகிறது. சில நேரம் “பிழை எதுவும் இல்லை” என்று தவறாக முடிவு சொல்கிறது. கையேட்டைச் சுருக்கினால் போதுமா?

பதில்: போதாது. பிரேக்பாயின்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடம்) வைப்பது எப்படி, பேக்டிரேஸ் (நின்ற இடத்துக்கு எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற பட்டியல்) எடுப்பது எப்படி என்பதெல்லாம் ஏஜென்டுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தப் பக்கங்களைத் தாராளமாக வெட்டலாம். அதற்குத் தெரியாதது உங்கள் இடத்து நிலவரம்: எந்த பில்டில் டீபக் தகவல் இருக்கிறது, கோர் ஃபைல் (கோர் டம்ப், அதாவது கிராஷ் ஆன நேரத்து மெமரியின் நகல்) எந்த ஃபோல்டரில் விழுகிறது, எந்த சர்வரைத் தொடவே கூடாது. கூடவே, கருவி தரும் விடையை எப்படிப் படிப்பது என்பதும் இருக்க வேண்டும். உங்கள் சிக்கல் இரண்டுமே கருவியின் போக்கைப் புரிந்துகொள்ளாததில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் டெர்மினல் விஷயம். எதிரே மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பி எழுதப்பட்ட கருவி ஜிடிபி. திரை நிரம்பினால், தொடர என்டரைத் தட்டச் சொல்லிக் காத்திருக்கும். வெளியேறும்போது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்திவிடவா என்று கேட்கும். நம் விரல் யோசிக்காமலே தட்டிவிடுவதால் கையேட்டில் இதை யாரும் எழுதுவதில்லை. ஏஜென்டுக்கு பேட்ச் ஆப்ஷனோடு (யாரிடமும் கேட்காமல் ஓடி முடியும் முறை) கூடிய முழு கமாண்ட் வரியைக் கொடுங்கள். அதில் இந்தக் கேள்விகள் எழாது. குறித்த நேரம் தாண்டினால் நிறுத்திவிடும் டைம்அவுட் கமாண்டுக்குள் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். எக்ஸிட் கோட் (கமாண்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்) 124 என்று வந்தால் நேரம் தீர்ந்துபோனது என்று பொருள், புரோகிராம் கிராஷ் ஆகவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இன்னும் நல்லது, அந்த வரியைச் சின்ன ஸ்கிரிப்டாக்கி அதன் பெயரை மட்டும் குறிப்பில் போடுவது. கருவியிலேயே சரிசெய்ய முடிவதை ஆவணத்தில் எச்சரிக்கையாக எழுதுவது வீண் வேலை.

அடுத்தது “பிழை இல்லை” என்ற தவறான முடிவு. இதற்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும். எக்ஸிட் கோட் 0 என்றால் எல்லாம் சரி என்று ஏஜென்ட் எடுத்துக்கொள்ளும். டீபக்கருக்குள் அது அப்படி இல்லை. ஜிடிபியின் அண்மைப் பதிப்புகளில் பேட்ச் முறையில் புரோகிராமை ஓட்டி, கடைசியாக பேக்டிரேஸ் கேட்டுப் பாருங்கள். புரோகிராம் கிராஷ் ஆகியிருந்தால் பேக்டிரேஸ் ஒழுங்காக வந்து, ஜிடிபி 0 திருப்பித் தரும். புரோகிராம் நல்லபடியாக முடிந்திருந்தால் காட்ட ஸ்டாக் எதுவும் இல்லை. அந்தக் கமாண்ட் தோற்று, 1 வரும். நினைப்பதற்கு நேர் தலைகீழ்! வால்கிரைண்டும் லேசுப்பட்டதல்ல. மெமரி பிழைகளைக் கண்டுபிடித்து அச்சிட்டாலும், தனியாக எரர் எக்ஸிட்கோட் ஆப்ஷன் கொடுக்காவிட்டால், ஓட்டிய புரோகிராமின் கோடையே திருப்பித் தரும்.

கருவி மௌனமாக இருப்பதும் இதே ரகம். எஸ்டிரேஸுக்கு எஃப் ஆப்ஷன் கொடுக்காவிட்டால் சைல்ட் பிராசஸ்கள் (அந்தப் புரோகிராம் தொடங்கிவைக்கும் பிற பிராசஸ்கள்) செய்வது எதுவும் பதிவாகாது. அதைப் பார்த்துவிட்டு “கான்ஃபிக் ஃபைலை யாருமே திறக்கவில்லை” என்று ஏஜென்ட் அடித்துச் சொல்லும்.

ஆகவே கருவி வாரியாக இல்லாமல், அறிகுறி வாரியாக எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

“அறிகுறி: சர்வீஸ் உயிரோடு இருக்கிறது, பதில் மட்டும் வரவில்லை. செய்ய வேண்டியது: ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான சர்வரில்) மட்டும், ஹேங் ஸ்கிரிப்டைப் பிராசஸ் எண்ணோடு ஓட்டு. எல்லா த்ரெட்களின் (பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகளின்) பேக்டிரேஸும் ஃபைலில் விழும். பல த்ரெட்கள் லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) காத்திருந்தால், அந்த லாக்கைப் பிடித்திருக்கும் த்ரெட்டைத் தேடு. அனுமதி இல்லை என்று வந்தால் பிடிரேஸ் கட்டுப்பாடு (ஒரு பிராசஸ் இன்னொன்றுக்குள் பார்ப்பதற்கான தடை) காரணமாக இருக்கலாம். சூடோ போட்டு அட்மின் அதிகாரத்தில் ஓட்டாதே, நிறுத்திவிட்டுக் கேள். மாறிகளின் இடத்தில் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வந்தால் மதிப்பு காலி என்று எண்ணாதே. ஆப்டிமைசேஷன் இல்லாத பில்டில் மறுபடி பார்.”

ஸ்டேஜிங்கில் மட்டும் என்று சொன்னது சும்மா இல்லை. ஜிடிபியை ஒரு பிராசஸோடு இணைத்த உடனே அந்தப் பிராசஸ் நின்றுவிடும். வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இத்தகைய தடையை வார்த்தையில் மட்டும் விடாமல் அனுமதியிலேயே அடைத்துவிடுங்கள்.

விடையின் நீளமும் கவனிக்க வேண்டியதே. நூற்றுக்கணக்கான த்ரெட்களின் பேக்டிரேஸ் மொத்தமாக உள்ளே போனால், ஏஜென்டின் கான்டெக்ஸ்டில் (ஒரே நேரத்தில் அது வாசித்து வைத்துக்கொள்ளும் அளவில்) வேறெதற்கும் இடமிருக்காது. ஃபைலில் எழுதிவிட்டுத் தேவையானதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், கோர் டம்பில் பாஸ்வேர்டும் டோக்கனும் அப்படியே கிடக்கலாம். வெளியில் ஓடும் மாடலுக்கு அதை அனுப்பலாமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

எழுதி முடித்ததும், நீங்கள் ஏற்கெனவே சரிசெய்த ஒரு பழைய பிழையைத் திரும்ப உள்ளே வைத்து, முந்தைய உரையாடல் எதுவும் இல்லாத புது ஏஜென்டிடம் இந்தக் குறிப்பை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அது எங்கே தடுமாறுகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். குறிப்பிலுள்ள கமாண்ட்களை சிஐ பில்டில் (கோட் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் பில்டில்) ஓட்டிச் சரிபார்க்கவும் வழி செய்யுங்கள். ஆப்ஷன் பெயர் மாறிப்போனால் மனிதர் யாரிடமாவது கேட்டுக்கொள்வார்; ஏஜென்ட் தானாக ஒரு பெயரை ஊகித்து ஓட்டிவிடும்.