அரைத் தானியங்கி ரைஃபிளும் அதன் தோட்டாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அமெரிக்காவில் வசிக்கும் என் தம்பி ரூகர் 10/22 வைத்திருக்கிறார். தோட்டாவின் ரகத்தை மாற்றினால் துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்கிறார். காரணம் என்ன?

பதில்: 1964 முதல் விற்பனையில் இருக்கும் இந்த .22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) அரைத் தானியங்கி ரைஃபிளில், பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் சுழல் மேகசின் (தோட்டாப் பெட்டி) அடிப்பகுதியில் துருத்தாமல் பொருந்தியிருக்கும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். அந்த வெடிப்பின் அழுத்தமே காலிக் கூட்டைப் பின்னோக்கித் தள்ளி, கூடவே குழலின் பின்புறத்தை மூடியிருக்கும் உலோகத் துண்டான போல்ட்டையும் தள்ளிக் கூட்டை வெளியேற்ற, சுருள்வில் போல்ட்டைத் திரும்ப முன்னே கொண்டுவரும்போது அடுத்த தோட்டா குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏறுகிறது. போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் ஏற்பாடு இதில் கிடையாது. அதன் எடையும் வில்லின் விறைப்புமே அதைத் தாங்குகின்றன. ஆகவே தோட்டாவின் வலு குறைந்தால் போல்ட் முழுத் தூரம் பின்வாங்காமல், காலிக் கூடு வெளியேறும் வாயிலிலேயே மாட்டிக்கொள்ளும். 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில் செலுத்தும் சாதாரண ரகத்தில் சில துப்பாக்கிகள் இப்படித் தடுமாறும். 375 மீட்டரை ஒட்டிய அதிவேக ரகத்தில் பெரும்பாலும் சீராக இயங்கும். ரகத்தைக் குறை சொல்லுமுன் அறையில் படிந்த மெழுகையும் கரியையும் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை ஆபத்தில்லாத திசையில் வைத்தபடி அரை நிமிடமாவது காத்திருந்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும்.

கேள்வி (வேலந்தாவளம்): .22 மேக்னம் தோட்டாவை ரூகர் 10/22-இல் போடலாமா?

பதில்: கூடாது. மேக்னத்தின் கூடு நீளமானது, பருமனும் கூடியது. சாதாரணத் தோட்டாவை மேக்னம் ரைஃபிளில் போடுவதும் தவறே. அது தளர்வாக உட்கார்ந்து, கூடு பிளந்துவிடும்.

கேள்வி (கஞ்சிக்கோடு): என் மகள் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்குத் தயாராகிறாள். அரைத் தானியங்கி வாங்கினால் பழக எளிதாக இருக்குமா?

பதில்: பணம் வீண். அந்தப் போட்டியில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் ரைஃபிளையே பயன்படுத்த வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டியும் அப்படித்தான். பத்துப் புள்ளி வளையம் 10.4 மில்லிமீட்டர்தான் என்பதால் வேகத்துக்கு அங்கே வேலையில்லை. ஒரே தொகுப்பில் தயாரான தோட்டாவை மொத்தமாக வாங்கிவைப்பதே பயன் தரும்.

கேள்வி (சித்தூர்): காட்டுப்பன்றி நெல்லை அழிக்கிறது. .22 அரைத் தானியங்கிக்கு உரிமம் கிடைக்குமா?

பதில்: அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் நம் நாட்டில் பெரும்பாலும் கட்டுப்படுத்தப்பட்ட வகையைச் சேர்ந்தவை, மாவட்ட அளவில் வழக்கமாகத் தரப்படும் உரிமத்தில் அவை அடங்கா. கிடைத்தாலும் .22 தோட்டாவின் ஆற்றல் 140 முதல் 190 ஜூல் வரைதான். அது பன்றியைக் காயப்படுத்தி ஓடவிடும், காயம்பட்ட பன்றியோ ஆளைத் தாக்கும். குறி தவறிய குண்டு இரண்டு கிலோமீட்டர் வரை போகக்கூடும் என்பதையும், பக்கத்துத் தோப்பில் ஆட்கள் வேலை செய்வதையும் மறக்காதீர்கள். கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவரின் அனுமதியோடு, உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ளவர்கள் பன்றியைச் சுடலாம். ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள். உங்கள் நிலத்தில் ஒரு பகுதி எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சிப் பக்கம் இருந்தால், அந்த அனுமதி அங்கே செல்லாது. தமிழ்நாட்டின் 2025 நடைமுறைப்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.