கேள்வி பதில்: பக்கம் தள்ளுகிறவர்கள்

"புத்தகத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா?" என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். "இருக்கலாம், நான் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தப்பித்தேன். நீங்கள் விடவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான், அதனால் மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: நாவலில் வருணனை வந்தாலே என் விரல் தானாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. "நீ நுனிப்புல் மேய்கிறவன்" என்கிறார் அண்ணன். அவர் சொல்வது சரிதானா?

பதில்: அண்ணனுக்குப் பாதி மதிப்பெண். நானும் தள்ளுகிறவன்தான். கதையில் யாராவது கனவு கண்டு அது சாய்வெழுத்தில் இரண்டு பக்கத்துக்கு நீண்டால், பொழுது விடிகிற இடத்தைத் தேடிப் போய்விடுவேன்.

மேய்ச்சல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கிற சூத்திரம் ஒன்று உண்டு. அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று போகும் வரிசை. முதல் இரண்டும் தலை, அடுத்த இரண்டும் இடை, மிச்சமெல்லாம் கடை. ஒரு செடியில் தழை எவ்வளவு இருந்தாலும் அங்கேயே நின்று மேயாமல் செடிக்குச் செடி தாவுவதுதான் ஆட்டின் குற்றம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அண்ணன் உங்களை அங்கே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். ஆனால் பாருங்கள், முதலிடத்தில் இருக்கிற அன்னமும் ஒன்றை விடத்தானே செய்கிறது? பாலைக் குடித்துவிட்டு நீரை விட்டுவிடுகிறது, அதற்காகத்தான் அந்த இடமே. நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் (கொலைகாரன் யார் என்பதைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லாத நாவல்கள் எனக்கும் நிறைய இருக்கின்றன, அந்த வகையில் நானும் ஒரு நெய்யரி). பத்தியின் மேல் ஒரு கண் ஓட்டி, இங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தள்ளுங்கள். நீளமாக இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளினால் நான் அண்ணன் கட்சி.

கேள்வி: தள்ளிய பக்கத்தில் கதைக்கு முக்கியமான ஏதாவது இருந்துவிட்டால்?

பதில்: இருக்கும், நான் அனுபவப்பட்டவன். விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ள்', 1862இல் வந்தது, தமிழில் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தந்தாரே, அந்த நாவல். இரண்டாம் பாகம் தொடங்கியதும் ஹியூகோ கதையை அப்படியே நிறுத்திவிட்டு வாட்டர்லூ போரைச் சொல்லக் கிளம்பிவிடுவார். 19 அத்தியாயங்கள்! எந்தப் படை எந்த மேட்டில் நின்றது, மழை பெய்து மண் எப்படிக் கிடந்தது, எல்லாம் வரும், நமக்கு வேண்டிய ஆட்களில் ஒருவரைக்கூடக் காணோம். ஆங்கிலத்தில் முதல் தடவை படித்தபோது மொத்தமாகத் தள்ளிவிட்டு அடுத்த பகுதிக்குத் தாவினேன்.

அந்தப் போர்ப்பகுதியின் கடைசி அத்தியாயத்தில் இரவு, போர்க்களத்தில் பிணங்களிடம் திருடிக்கொண்டு ஒருவன் வருகிறான். செத்துப்போனார் என்று நினைத்து ஒரு அதிகாரியை வெளியே இழுத்துக் கடிகாரத்தையும் பணப்பையையும் எடுத்துக்கொள்கிறான். அந்த அதிகாரிக்கு உயிர் இருக்கிறது. தன்னைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறான் என்று நம்பி அவர் பெயர் கேட்க, அவனும் சொல்கிறான்: தெனார்தியே. பின்னால் அந்த அதிகாரியின் மகன் மாரியுஸ், அப்பா எழுதி வைத்துப்போன நன்றிக்கடனை நினைத்துக்கொண்டு, கண்ணெதிரே அயோக்கியனாக நிற்கிற தெனார்தியேவைக் காட்டிக்கொடுக்க முடியாமல் கையைப் பிசைகிறான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தப் பையன் ஏன் இவ்வளவு அசடாக இருக்கிறான் என்று. அசடு யார் என்பது திரும்பப் போய்ப் படித்தபோதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பெரிய பகுதியைத் தள்ளினால் அதன் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் கட்டாயம் படித்துவிடுவேன், பழைய நாவலாசிரியர்கள் பலர் முடிச்சை அங்கேதான் போட்டு வைக்கிறார்கள்.

கேள்வி: நாம் தள்ளுவது எழுதுகிறவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் கோபம் வராதா?

பதில்: தெரியாமல் என்ன. 'போரும் வாழ்வும்' நாவலில் டால்ஸ்டாய் நடுநடுவே வரலாற்றைப் பற்றி நீளமாக வாதம் செய்வார் அல்லவா, 1873இல் வந்த பதிப்பில் அந்தப் பகுதிகளில் பலவற்றை அவரே கதையிலிருந்து எடுத்துப் பின்னிணைப்பில் வைத்தார். பிற்பாடு வந்த பதிப்புகளில் அவை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன.

அர்ஜென்டினாவின் ஹூலியோ கொர்த்தஸார் இன்னும் ஒரு படி மேலே. 1963இல் அவர் எழுதிய நாவலுக்குப் பெயரே 'ரயுவேலா', அதாவது நம் பாண்டியாட்டம். மொத்தம் 155 அத்தியாயம். 56 முடிந்ததும் மூடி வைத்துவிடலாம், மிச்சத்தை மனசாட்சி உறுத்தாமல் விட்டுவிடலாம் என்று முன்னாலேயே எழுதிவிட்டார். இல்லையென்றால் 73இல் தொடங்கி அவர் தந்திருக்கிற பட்டியல்படி தாவித் தாவிப் படிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பட்டியலில் 55ஆம் அத்தியாயமே கிடையாது. எழுதியவரே தள்ளிவிட்டார்!

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. கதைப்புத்தகத்தில் பேச்சு வருகிற இடங்களை மட்டும் படித்துவிட்டு முடித்துவிட்டேன் என்கிறாள். திருத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா, விட்டுவிடுங்கள். பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்த தானியேல் பென்னாக் 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார், அதில் இரண்டாவது உரிமையே பக்கம் தள்ளுவதுதான். முதல் உரிமை என்ன தெரியுமா, படிக்காமலே இருப்பது. குழந்தை தானாகத் தள்ளினால் பிடித்த புத்தகத்துக்குத் திரும்ப வருவாள், விட்டதை அப்போது படிப்பாள். சிறுவர் சுருக்கப் பதிப்பு என்று பெரியவர்கள் வெட்டிக் கொடுத்தால், வெட்டிய இடம் எது என்றே அவளுக்குத் தெரியாது. "முழுசாப் படிச்சியா?" என்று பரீட்சை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஒலிப்புத்தகத்தில் தள்ளிக் கேட்பதும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: எனக்கு ஒன்றில்லை. தாளில் தள்ளும்போது கண் பக்கத்தைத் துழாவிக்கொண்டே போகும். ஒரு பெயரோ மேற்கோள் குறியோ தென்பட்டால் நின்றுவிடும். ஒலியில் முப்பது விநாடி தாண்டினால் கண்ணைக் கட்டிக்கொண்டு குதித்த மாதிரிதான். நான் தாண்டுவதற்குப் பதில் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன்.

கேள்வி: கவிதை?

பதில்: கவிதையில் வரி தள்ள முடியாது. முழுக் கவிதையையே தள்ளலாம், தொகுப்பென்றால் நான் தாராளமாகத் தள்ளுவேன்.

கேள்வி: முன்னுரையைப் படிக்க வேண்டுமா?

பதில்: ஆசிரியரே எழுதியது என்றால் முதலில் படியுங்கள். வேறொருவர் எழுதிய நாற்பது பக்க ஆய்வு முன்னுரை என்றால் கடைசியில். ஒரு முறை நல்ல பிள்ளையாக முன்னுரையிலிருந்து தொடங்கினேன், நாயகி எந்த அத்தியாயத்தில் எப்படிச் சாகிறாள் என்பதை அந்தப் பேராசிரியர் மூன்றாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்.